லயத்து வீட்டில் துப்பாக்கிச் சூடு: பிரேதம், கேஸ், பிள்ளை, நிலம்... எதை எப்போது பார்ப்பது?

ஆறாங்கட்டை எழுதியது:

வணக்கம். தெரிந்த குடும்பம் ஒன்றுக்காகக் கேட்கிறேன். ஊர் பேர் வேண்டாம், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்த மகன் (42, கல்யாணம் ஆகாதவர்) அப்பாவின் லைசென்ஸ் துப்பாக்கியால், அதாவது ஒற்றைக் குழல் செனாப்பாங் பாத்தாவால் (நடுவில் மடக்கித் தோட்டா போடும் ஷாட்கன்), அப்பா (71), தம்பி (38), தம்பி மனைவி (35) மூவரையும் சுட்டுவிட்டார். மூவரும் அங்கேயே இறந்துவிட்டார்கள். தம்பியின் 9 வயது மகள் கட்டிலுக்கு அடியில் இருந்து தப்பித்தாள். பாட்டி (66) சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தவர். கிள்ளானில் ஒரு மகள் இருக்கிறார். சுட்டவர் ஓடவில்லை, போலீஸ் பிடித்துவிட்டது. எல்லாரும் ஒரே லயத்து வீட்டில்தான் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருந்தார்கள்.

பிள்ளையின் தாய்மாமன் என்னிடம் கேட்பவை: பிரேதம் எப்போது கிடைக்கும்? இவருக்குத் தூக்கு நிச்சயமா? பாட்டி பெற்ற மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்லித்தான் ஆகவேண்டுமா? அப்பா பேரில் 3 ஏக்கர் நிலம் இருக்கிறது, அதில் சுட்டவருக்கும் பங்கு உண்டா? தம்பியின் ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) என்ன ஆகும்? பிள்ளை யாரிடம் வளரும்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆறுதல் வார்த்தை நிறைய வந்துவிட்டது, இப்போது வேண்டியது வழி.

---

நீதிமன்ற வராண்டா எழுதியது:

முதல் இரண்டு நாள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சவப்பரிசோதனைக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 329 முதல் 331 வரையுள்ள பிரிவுகளின்படி போலீஸ் கேட்கும், டாக்டர் செய்வார். உங்கள் பக்கத்துக் கேஸ் என்றால் பெரும்பாலும் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். குண்டுக் கேஸ் என்பதால் முதலில் எக்ஸ்ரே எடுத்து உடம்பில் எங்கெங்கே குண்டு நிற்கிறது என்று பார்ப்பார்கள். மூன்று உடல், அதனால் அவசரப்படுத்தாதீர்கள். பிரேதத்தை அடையாளம் காட்ட நெருங்கிய உறவினர் ஒருவர் ஐசியுடன் (அடையாள அட்டை) போகவேண்டும். பாட்டியை அனுப்ப வேண்டாம், தாய்மாமன் போகலாம்.

உடுத்திய துணி ஆதாரம், திரும்பி வராது. தாலி, மோதிரம், தோடு போன்றவை ஆதாரமாகத் தேவைப்படாவிட்டால் வந்துவிடும். ஆனால் எது யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு மனக்கசப்பு வருவது இங்கேதான், நிலத்தில் இல்லை.

உடலோடு பெர்மிட் மெங்குபுர் (அடக்க அனுமதி) தருவார்கள். அதை வைத்துத்தான் தேசியப் பதிவிலாகாவில் மரணச் சான்றிதழ். மூன்று பேருக்கும் தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் உறுதிப்படுத்திய நகல் கையில் நாலைந்து இருக்கட்டும். தகனமா அடக்கமா என்பதில் ஒரு கவனம் வேண்டும். எரித்துவிட்டால் இரண்டாம் பரிசோதனைக்கு வழியில்லை. ஆகவே தகனத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுவிட்டுப் பிறகு நாள் குறியுங்கள்.

வீட்டைக் கழுவாதீர்கள். பலகைச் சுவரில் குண்டு புதைந்திருந்தால் அந்தப் பலகையையே அறுத்து எடுத்துப் போவார்கள். போலீஸ் வீட்டை ஒப்படைத்த பிறகு கழுவலாம், சாந்தி செய்யலாம்.

இறந்தவர்களின் கைத்தொலைபேசியில் அன்றைய குரல் பதிவோ செய்தியோ இருந்தால் யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாமல், அழிக்காமல், போனையே அதிகாரியிடம் கொடுத்து கையெழுத்து வாங்குங்கள். இறந்தவர் தன் சாவுக்குக் காரணமானதைப் பற்றிச் சொன்ன வார்த்தை சாட்சியச் சட்டம் 32(1)(அ)-இன்படி செல்லும். சாகப்போகிறோம் என்று தெரிந்து சொல்லியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நம் நாட்டில் கிடையாது.

கேஸ் எப்படிப் போகும் என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

---

மண்வெட்டி எழுதியது:

துப்பாக்கி எடுத்தாலே தூக்குதானே? 1971 சட்டம் அப்படித்தான் சொல்லுது. இதுல கேக்க என்ன இருக்கு?

---

நீதிமன்ற வராண்டா எழுதியது:

மண்வெட்டி அண்ணா, தோட்டத்துப் பெரியவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டதை ஒட்டித்தான் அவசரகாலமே வந்தது. அப்போது துப்பாக்கி வைத்திருந்தாலே மரணதண்டனை. பிறகு ஐஎஸ்ஏ-வின் (உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்) 57-ஆம் பிரிவு 2012 வரை அதே பயத்தைத் தக்கவைத்தது. ஆனால் இந்தக் கேஸ் வேறு.

நீங்கள் சொல்லும் 1971-ஆம் ஆண்டு ஆயுதக் குற்ற (கூடுதல் தண்டனை) சட்டத்தின் 3-ஆம் பிரிவு, அட்டவணையில் உள்ள குற்றத்தைச் செய்யும்போது சுட்டால்தான் பாயும். அட்டவணையில் இருப்பவை மிரட்டிப் பறித்தல், கொள்ளை, கைதைத் தடுத்தல், காவலிலிருந்து தப்புதல், கடத்தல், வீடு புகுதல். கொலை அதில் இல்லை! இவர் சுட்டது தான் வசித்த வீட்டிலேயே, அதனால் வீடு புகுந்தார் என்று சொல்வதும் கஷ்டம். ஆகவே முக்கியக் குற்றச்சாட்டு தண்டனைச் சட்டம் 302, அதாவது கொலை. மூன்று உயிர், மூன்று தனிக் குற்றச்சாட்டு. லைசென்ஸ் அப்பா பேரில்தான், இவர் பேரில் இல்லை. அதனால் உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்ததையும் சேர்க்கலாம். பிள்ளையை நோக்கியும் சுட்டுத் தவறியிருந்தால் 307 (கொலை முயற்சி) தனியாக வரும்.

தடுப்புக்காவல் முதலில் 7 நாள், மறுபடி கேட்டு 7 நாள், மொத்தம் 14-க்கு மேல் போகாது. அதற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்திக் குற்றச்சாட்டை வாசிப்பார்கள். அங்கே அவர் 'ஆமாம், செய்தேன்' என்று சொன்னாலும் பதிவு செய்யமாட்டார்கள், ஏனென்றால் அது உயர்நீதிமன்றக் கேஸ். ஊரில் 'கோர்ட்டில் ஒத்துக்கொண்டான்' என்று பேச்சு வரும், நம்பாதீர்கள். அதேபோல் போலீசிடம் கொடுத்த வாக்குமூலமும் அவருக்கு எதிராகச் செல்லாது. ஒரே விலக்கு, அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தத் துண்டு மட்டும் சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி வரும். ஜாமீன் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம் மாதக்கணக்கில் மென்ஷன்தான் (விசாரணை தொடங்காமல் அடுத்த தேதி மட்டும் குறிப்பது). சவப்பரிசோதனை அறிக்கை, இரசாயன இலாகா அறிக்கை, துப்பாக்கி நிபுணர் அறிக்கை எல்லாம் வரவேண்டும். ஷாட்கன் குழாயில் வரி கிடையாது, சிதறிய குண்டை வைத்து எந்தத் துப்பாக்கி என்று சொல்ல முடியாது. காலித் தோட்டாவின் அடியில் ஊசி குத்திய தடம்தான் பேசும். காயத்துக்குள் தோட்டாவின் அடைப்புத் தக்கை கிடைத்தால் மிக அருகிலிருந்து சுட்டது என்று அர்த்தம். அறிக்கைகள் வந்தபின் ஈப்போ அல்லது தைப்பிங் உயர்நீதிமன்றத்துக்கு மாறும். 1995-இலிருந்து ஜூரி இல்லை, ஒரே நீதிபதிதான்.

தூக்கு நிச்சயமா? இல்லை. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரணதண்டனை போய்விட்டது. இப்போது 302-க்கு மரணம், அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையோடு குறைந்தது 12 பிரம்படி. 50 வயதுக்கு மேல் என்றால் பிரம்படி இல்லை, இவருக்கு 42 என்பதால் தீர்ப்பு எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது. நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு உண்டு. கைதான நாளிலிருந்து 30 ஆண்டு என்று போட்டால், 20 ஆண்டில் வெளியே வரலாம். அன்று அந்தப் பிள்ளைக்கு 29 வயது. மூன்று குற்றச்சாட்டுக்கும் தண்டனை ஒரே நேரத்தில் ஓடுமா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்பதும் நீதிபதி கையில். தொகையையே மாற்றிவிடும் கேள்வி அது, பத்திரிகையில் ஒரு வரிகூட வராது.

---

மண்வெட்டி எழுதியது:

அட்டவணை விஷயம் தெரியாது தம்பி. அப்போ பைத்தியம்னு சொல்லி தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரில ஒரு மாசம் இருந்துட்டு வந்துடுவானா? அன்னைக்கு நல்லா தண்ணியும் போட்டிருந்தானாம்.

---

நீதிமன்ற வராண்டா எழுதியது:

அங்கே அனுப்புவது கண்காணிப்புக்கு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342-ஆம் பிரிவில் ஒரு மாதம், தேவைப்பட்டால் நீட்டிப்பார்கள். அங்குள்ள உலு கிந்தா பஹாகியா ஆஸ்பத்திரி டாக்டர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இரண்டு. இப்போது விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறாரா? சுட்ட நேரத்தில் என்ன நிலை? முதலாவதுக்கு 'இல்லை' என்றால் விசாரணை தள்ளிப்போகும், அவ்வளவுதான். இரண்டாவதுதான் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, சித்தம் கலங்கியவர் செய்தது குற்றமாகாது என்பது. அதை நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் மேல். நோய் இருந்தது என்பது மட்டும் போதாது. செய்வது என்ன, அது தவறு என்று அறியும் சக்தியே இல்லாமல் போயிருக்கவேண்டும். சிங்கப்பூரில் இருப்பது போல 'மனநிலை குறைந்த பொறுப்பு' என்ற நடுவழி நம் சட்டத்தில் கிடையாது.

ஒற்றைக் குழல் துப்பாக்கி இங்கே அவருக்கு எதிராக நிற்கும். ஒவ்வொரு வெடிக்கும் மடக்க வேண்டும், காலித் தோட்டாவை எடுக்க வேண்டும், புதியதைப் போட வேண்டும், மூட வேண்டும், சுத்தியலைப் பின்னிழுக்க வேண்டும். மூன்று பேருக்கு மூன்று தடவை. 'திடீர் ஆத்திரம்' என்று 304-க்கு (கொலையைவிடக் குறைந்த குற்றம்) குறைக்கக் கேட்டாலும் டிபிபி (அரசுத் தரப்பு வழக்கறிஞர்) இதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.

84 நிரூபணமானால் விடுதலைதான். ஆனால் 348-இன்படி சுல்தானின் விருப்பம் உள்ளவரை காவல், நடைமுறையில் மனநல ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வருவதில்லை. தானாகக் குடித்த போதை தற்காப்பு ஆகாது. கொல்லும் எண்ணமே உருவாக முடியாத அளவுக்குப் போதை என்றால் மட்டும் 86(2)-ஐ வைத்து வாதாடலாம். மூன்று முறை தோட்டா மாற்றியவருக்கு அதுவும் எடுபடுவது சிரமம்.

---

சூராட் மேசை எழுதியது:

நிலம், காசு நான் சொல்றேன். ஆனா ஒண்ணு: தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடி நிலத்தைப் பிரிக்க ஓடாதீங்க. ஏன்னா கொன்னவன் கொல்லப்பட்டவர் சொத்தை வாங்க முடியாதுங்கறது நம்ம எழுத்துச் சட்டத்துல இல்ல, ஆங்கிலப் பொதுச் சட்டத்துல இருந்து வந்த விதி. 84-ல பித்துன்னு முடிவானா அந்த விதி பொருந்தாது, அவர் பங்கு அவருக்கே. அதனால தஞ்சோங் ரம்புத்தான் அறிக்கை 3 ஏக்கரையும் தொடும்.

1958 சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி அப்பா உயில் எழுதாம போயிருந்தா, பாட்டிக்கு மூணுல ஒண்ணு, மூணுல ரெண்டு பிள்ளைங்களுக்கு. பிள்ளைங்க மூணு பேரு, அதனால ஆளுக்கு ஒன்பதுல ரெண்டு. மூத்தவர் தள்ளப்பட்டா தம்பி பக்கமும் கிள்ளான் மகளும் மூணுல ஒண்ணு, மூணுல ஒண்ணு.

நிலம் இருக்கறதால சின்னச் சொத்துப் பிரிவு, போராங் ஆ (விண்ணப்பப் படிவம் A). வரம்பு முன்ன 20 லட்சம் வெள்ளி, 2024 ஜூலை 15-ல இருந்து 50 லட்சம். நிலம் இருக்கற மாவட்டத்தைப் பார்க்கற அலுவலகத்துலதான் போடணும். கிராண்ட் நகல், நில அலுவலகத் தேடல், நிலவரி ரசீது, மரணச் சான்றிதழ், எல்லாரோட ஐசி. மூத்தவர் பேரை விட்டுட்டு எழுதாதீங்க! வாரிசை மறைச்சா பின்னாடி ஆர்டரே ஆடும். பேரைப் போட்டு, நிலைமையைக் குறிச்சு, பங்கை நிறுத்திவைக்கக் கேளுங்க. சிறையில இருந்தே 'எனக்கு வேணாம்'னு டிடிஏ (DDA) சம்மதப் படிவத்துல அதிகாரி முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டார்னா பாதி வேலை குறைஞ்சிடும், ஆனா அதை யாரும் மிரட்டி வாங்கக் கூடாது.

அடுத்தது தம்பியோட ஈபிஎஃப். முதல்ல நாமினி யாருன்னு கேளுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி வேலைக்குச் சேர்ந்த காலத்துல 'அண்ணன்'னு எழுதிட்டு அப்படியே விட்டவங்க தோட்டத்துல ஏராளம். இங்க அண்ணன் பேரு இருந்துச்சுன்னா எழுத்து மூலமா உடனே ஈபிஎஃப்-க்குத் தெரிவிச்சு நிறுத்தச் சொல்லணும்.

நாமினி இல்லன்னு வச்சுக்கிட்டு, உதாரணத்துக்கு 96,000 வெள்ளி. இங்கதான் யாரு முதல்ல இறந்தாங்கங்கற கேள்வி வருது. தெரியலன்னா 1950-ஆம் ஆண்டு பிரிசம்ப்ஷன் ஆஃப் சர்வைவர்ஷிப் சட்டம்: மூத்தவர் முதல்ல, இளையவர் கடைசில இறந்ததா வச்சுக்கும். அதாவது அப்பா, தம்பி, மனைவி. தம்பி போகும்போது மனைவி உயிரோட இருந்ததா கணக்கு. அப்போ மனைவிக்கு கால், பிள்ளைக்குப் பாதி, தம்பியோட அம்மாவுக்கு கால்: 24,000, 48,000, 24,000. மனைவியோட 24,000 அவங்க சொத்தா மாறி, பிள்ளைக்கு மூணுல ரெண்டு 16,000, மனைவியோட அப்பா அம்மாவுக்கு 8,000.

மனைவிதான் முதல்ல போனாங்கன்னு சாட்சி வந்தா கணக்கு மாறும்: பிள்ளைக்கு 64,000, தம்பி அம்மாவுக்கு 32,000, மனைவி வீட்டுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு கணக்குலயும் பிள்ளைக்கு 64,000-தான், பாருங்க! நகர்றது அந்த 8,000 மட்டும்.

பிள்ளை பங்கு இருக்கறதால நிர்வாகப் பத்திரம் ஒருத்தர் பேருக்குத் தரமாட்டாங்க. குறைஞ்சது ரெண்டு பேர், இல்லன்னா அமானா ராயா மாதிரி டிரஸ்ட் நிறுவனம். இந்த மாதிரி பிளவுபட்ட குடும்பத்துக்கு அமானா ராயாதான் என் வாக்கு. கட்டணம் பிடிப்பாங்க, பிடிக்கட்டும்.

சொக்சோவுல 'வேலை இடத்துல சாகலயே'ன்னு நினைச்சு விட்டுடாதீங்க. பென்சேன் பெனாகாட் (இறந்தவரைச் சார்ந்தவங்களுக்கு வர்ற ஓய்வூதியம்) எந்தக் காரணத்தால இறந்தாலும் உண்டு, சந்தா மாதங்கள் போதுமான்னுதான் பார்ப்பாங்க. பிள்ளைக்கு 21 வயசு வரைக்கும், அதுக்கு மேல முதல் டிகிரி படிச்சா முடியறவரை. மனைவியும் வேலை செஞ்சிருந்தா அவங்களுக்கும் தனி விண்ணப்பம் போடுங்க.

தோட்டத்து வீடு சொத்து இல்ல, வேலையோட வந்தது. மேனேஜர் கேட்டா காலி பண்ணத்தான் வேணும், யூனியன் மூலமா கொஞ்சம் தவணை வாங்கலாம். மூத்தவர் மேல சிவில் வழக்கு போடலாமான்னு யாராவது கேப்பாங்க: போடலாம், சிவில் சட்டம் 7-ன்படி 3 வருஷத்துக்குள்ள. அவர்கிட்ட சொத்து இருந்தாத்தான் பிரயோசனம். குற்றத்தால பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசாங்க நஷ்டஈட்டு நிதின்னு இங்க ஒண்ணு கிடையாது.

---

ஆறாங்கட்டை எழுதியது:

ரொம்ப நன்றி, ரெண்டு பேருக்கும். இன்னும் ரெண்டு விஷயம். பாட்டி 'எம்புள்ள தலையில நானே கயிறு போடமாட்டேன், கோர்ட்டுக்கு வரமாட்டேன்' என்கிறார். இன்னொன்று, சாமிமேடைக்குப் பின்னால் ஒரு மைலோ டின் கிடைத்ததாம், உள்ளே பழைய தோட்டாக்கள். போலீஸ் தேடும்போது பார்க்கவில்லை. தாய்மாமன் அதை எடுத்துக் காரில் வைத்திருக்கிறார், நாளைக்கு ஸ்டேஷனில் கொடுப்பதாக.

---

நீதிமன்ற வராண்டா எழுதியது:

டின்னை முதலில் பார்ப்போம். நாளைக்கு இல்லை, இப்போதே. காரை ஓட்ட வேண்டாம், நின்ற இடத்திலேயே நிற்கட்டும். டின்னைத் திறக்காமல் விசாரணை அதிகாரிக்கு போன் செய்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டார், அந்தத் தோட்டா இப்போது யார் கையில் இருக்கிறதோ அவர் உரிமமில்லாமல் வைத்திருக்கிறார். 1960 ஆயுதச் சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தில் எடுத்தவர் ரோட் பிளாக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. வந்தவர்கள் எண்ணி எழுதிய தாளில் ஒரு நகல் வாங்குங்கள். எங்கிருந்து, யார், எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதையும் அவர் 112 வாக்குமூலத்தில் (போலீஸ் சாட்சியிடம் எழுதி வாங்குவது) சொல்லவேண்டும். உரிமத்துக்குக் கொடுத்த தோட்டாக் கணக்கோடு அதை ஒப்பிடுவார்கள்.

பாட்டி விஷயம் கடினம். கணவன் மனைவிக்கு இடையே நடந்த பேச்சுக்குச் சாட்சியச் சட்டத்தின் 122-ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு உண்டு. தாய்க்கும் மகனுக்கும் அப்படி எதுவும் இல்லை. சபீனா (கோர்ட் அழைப்பாணை) வந்தால் போகவேண்டும், போகாவிட்டால் வாரண்ட். வந்து 'எனக்கு ஞாபகம் இல்லை' என்று மாற்றிச் சொன்னால், 112-இல் சொன்னதை எடுத்து டிபிபி அவரையே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்பார். 66 வயதில் அது வேண்டாம். தெரிந்தே பொய் சொன்னால் பொய்ச்சாட்சிக்குத் தண்டனைச் சட்டம் 193 தனி.

ஆனால் அவருக்கு ஒன்றைப் பொறுமையாகப் புரியவையுங்கள். பார்த்ததைச் சொல்வது வேறு, தண்டனை என்ன என்று சொல்வது வேறு. குற்றம் நிரூபணமான பிறகு, தண்டனைக்கு முன், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 183அ-இன்படி இறந்தவர்களின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் நீதிபதி அவர்கள் பேச்சைக் கேட்கவேண்டும். வரமுடியாவிட்டால் எழுதிக் கொடுக்கலாம். 2023-க்கு முன் கொலைக் கேஸில் இது வெறும் சடங்கு, ஏனென்றால் தண்டனை ஒன்றே ஒன்று. இப்போது மரணமா 30 ஆண்டா என்று நீதிபதி எடைபோடும் இடத்தில் இது போய் விழுகிறது. பாட்டி இறந்தவரின் மனைவி, இறந்தவனின் தாய், கொன்றவனின் தாயும்கூட. உயிரோடு இருக்கட்டும் என்று அவர் கேட்க விரும்பினால், கேட்கும் இடம் அது. சாட்சிக் கூண்டு அல்ல.

தாய்மாமன் வேறு மாதிரி எழுத விரும்பலாம். அவருக்கும் அதே உரிமை. ஒரே தாளில் இரண்டு குடும்பமும் கையெழுத்துப் போட முயலாதீர்கள், தனித்தனியாகக் கொடுங்கள். நீதிபதி இரண்டுக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. தாய்மாமன் பக்கம் ஒரு லோயரை வாட்சிங் பிரீஃப் வைத்தால் தேதிகள் தவறாமல் தெரியும், அவர் கேஸில் பேசமாட்டார், கவனிப்பார்.

---

மஞ்சள் கோப்பு எழுதியது:

ஆறாங்கட்டை தம்பி, எல்லாரும் பிள்ளையைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள்.

அவள் படமும் பேரும் இன்றைக்கே வாட்சப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். 2001 குழந்தைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட பிள்ளையின் பேர், முகம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடத் தடை செய்கிறது. 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கோயில் குழு, பள்ளிக் குழு அட்மின்களிடம் போய் நேரில் சொல்லி அழிக்கச் சொல்லுங்கள். இரங்கல் பேனரில் அம்மா அப்பாவோடு பிள்ளை நிற்கும் குடும்பப் படத்தைப் போடுவது நம் வழக்கம். அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளை என்பதால் 2007-ஆம் ஆண்டு குழந்தைச் சாட்சிகள் சட்டம் அவளுக்கு உண்டு. திரை மறைவிலோ வேறு அறையில் இருந்து வீடியோ மூலமோ சொல்லலாம், முன்கூட்டியே பதிவு செய்த வீடியோவையும் கோர்ட் ஏற்கலாம், துணைக்குப் பெரியவர் ஒருவர் இருக்கலாம். போலீஸின் டி11 பிரிவு அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் மூலம் பேசிப் பதிவு செய்யும். அந்தப் பதிவு முடியும்வரை வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அவள் சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள், திருத்தாதீர்கள். அத்தை ஒரு மாதிரியும் பாட்டி ஒரு மாதிரியும் கேட்டுக் கேட்டு, மூன்றாம் வாரத்தில் பிள்ளை யார் மனசும் நோகாத மாதிரி ஒரு கதை சொல்லும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும், சாட்சியமே போய்விடும்.

யாரிடம் வளரும் என்பது: உடனடியாகச் சமூகநல இலாகாவில் பதிவு செய்யுங்கள், தற்காலிகமாக உறவினரிடம் வைப்பதை அவர்களே பார்ப்பார்கள். நிரந்தரத்துக்கு 1961 பாதுகாவலர் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்தில் மனு. பணம் இல்லாவிட்டால் சட்ட உதவி இலாகா இதை எடுத்துக்கொள்ளும். தாய்மாமனுக்கு முதல் உரிமை, அப்பா வழிப் பாட்டிக்கு முதல் உரிமை என்று எதுவும் இல்லை, பிள்ளையின் நலன்தான். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். சிறைக்கு மாதாமாதம் மகனைப் பார்க்கப் போகும் வீட்டில் இந்தப் பிள்ளை வளர்வது சரியா என்பதை. பாட்டியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, மனுவில் இதற்குப் பதில் இருக்கவேண்டும். பாட்டி வந்து பார்க்கும் நாட்களையும் தாய்மாமனே மனுவில் எழுதிக் கொடுத்தால் நல்லது. பள்ளியை மாற்றுவதானால் தவணை நடுவில் வேண்டாம். பிறப்புப் பத்திரம் வீட்டுக்குள் இருந்தால் போலீஸ் ஒப்படைக்கும் அன்றே எடுத்துவிடுங்கள். ஈப்போ ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குச் சமூகநல அதிகாரி மூலம் கடிதம் வாங்கலாம். இரவில் அவசரம் என்றால் தாலியான் காசே உதவி எண் 15999.

மேலே சூராட் மேசை ஐயா போட்ட கணக்கைப் பார்த்தேன். அது சரியாகவே இருக்கட்டும். அதில் உள்ள '8,000' என்பதை இரண்டு வீட்டாரும் படிப்பார்கள். யார் முதலில் விழுந்தது என்று அறிந்த உயிர் அந்த வீட்டில் இரண்டே இரண்டு, ஒன்று லாக்கப்பில், இன்னொன்று ஒன்பது வயதுப் பிள்ளை.

---

சூராட் மேசை எழுதியது:

அம்மா சொன்னது சரி. அந்தப் பத்தியை எழுதும்போது நான் அதை யோசிக்கல. ஆறாங்கட்டை, சவப்பரிசோதனையில பொதுவா நேரம் நிமிஷக் கணக்கா வராது, பிள்ளை டி11-ல என்ன சொன்னாளோ அது சொன்னதுதான். அதுக்கு மேல யாரும் தேட வேணாம், 1950 சட்டத்துப்படியே போராங்கை நிரப்பச் சொல்லுங்க. பாட்டிக்கு ஆட்சேபம் இல்லன்னு ஒரு வரி எழுதி வாங்கினா முடிஞ்சது.

---

ஆறாங்கட்டை எழுதியது:

பாட்டி அதற்குச் சரி என்கிறார். கோர்ட் விஷயத்தில் இன்னும் வாய் திறக்கவில்லை, 183அ பற்றி கிள்ளான் மகள் மெதுவாகப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். டின்னுக்கு போன் செய்தாயிற்று. வந்து எண்ணினார்கள், 14 தோட்டா, இரண்டு துருப்பிடித்தது. நகல் வாங்கியாயிற்று.